லாக் வியூவருக்குள் ஒரு போர்ட் திறந்துவிட்டால் போதுமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

நிரல்களும் கருவிகளும் எழுதும் நிகழ்வுப் பதிவுகளான லாக் கோப்புகளைப் பார்க்க எல்நேவ் (lnav) என்ற வியூவரைப் பயன்படுத்துகிறேன். தேடல், வடிகட்டல், நேர வரிசை எல்லாம் நிறைவாக இருக்கின்றன. ஆனால் என்னிடம் உள்ள ரூட்டர்களுக்கும் சில சிறிய கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கும் டிஸ்க் கிடையாது. மின்சாரம் போனால் லாக்கும் போய்விடுகிறது. அவை சிஸ்லாக் செய்திகளை (கருவிகள் தங்கள் லாக்கை வலையமைப்பில் அனுப்பும் வழக்கமான வடிவம்) யூடிபி 514இல் அனுப்பக்கூடியவை, அதாவது வந்து சேர்ந்ததை உறுதிசெய்யாத தனித்தனிப் பொட்டலங்களாக, 514ஆம் போர்ட்டுக்கு. வியூவரின் மூலநிரல் திறந்தே இருக்கிறது. அதற்குள் ஒரு சாக்கெட்டை (வலையமைப்புச் செய்தி வந்து சேரும் வாசல்) திறந்து, வருகிற செய்தியை நேராகத் திரையில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது அல்லவா? நூறு வரிக்கு மேல் போகாது என்று நினைக்கிறேன்.

பதில், 2024 பிப்ரவரி 3, இரவு

சாக்கெட்டைத் திறந்து படிக்க நூறு வரிகூட ஆகாது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

எல்நேவ், ஜிலாக் (glogg), அதிலிருந்து பிரிந்து வளர்ந்த கேலாக் (klogg) ஆகிய மூன்று வியூவர்களின் உள்ளமைப்பையும் பாருங்கள். மூன்றும் ஒரே நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை: பைட்டுகள் ஓரிடத்தில் நிலையாக இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய்ப் படிக்கலாம். ஜிலாக் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு வரியும் கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, திரையில் தெரிய வேண்டிய வரிகளை அவ்வப்போது டிஸ்கிலிருந்து எடுக்கிறது. எத்தனையோ ஜிகாபைட் கோப்பையும் அது தடுமாறாமல் திறப்பதற்குக் காரணம் இதுதான். எல்நேவும் பல கோப்புகளின் வரிகளை நேரப்படி அடுக்கி அட்டவணை போடுகிறதே தவிர, வரியின் பாடத்திற்குக் கோப்பையே நாடுகிறது.

வலையமைப்பில் வரும் செய்திக்கு இந்த நிலைத்தன்மை இல்லை. சாக்கெட்டிலிருந்து ஒருமுறை படித்தால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை மறந்துவிடும். ஆகவே உங்கள் நூறு வரி, வியூவரின் அடித்தளத்தோடு மோதும். வடிகட்டியை மாற்றினால் எங்கிருந்து மறுபடி படிப்பது? பின்னோக்கி உருட்டினால்? தேடினால்? ஒவ்வொன்றுக்கும் கோப்புக்கு ஒரு வழி, சாக்கெட்டுக்கு ஒரு வழி என்று நிரல் இரண்டாகக் கிளைக்கும்.

என் பரிந்துரை எளியது. செய்தியைப் பெறும் நிரல் தனியாக இருக்கட்டும். அது முதலில் பைட்டுகளைக் கோப்பில் இறக்கட்டும். வியூவர் வழக்கம்போல அந்தக் கோப்பைப் பின்தொடரட்டும்.

2024 பிப்ரவரி 4

நிரல் எழுதும் முன் இன்றே சோதித்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி: சோகேட் (socat) கருவியின் யூடிபி-ரெக்வ் (UDP-RECV) முறையில் 5140ஆம் போர்ட்டைக் கேட்க வைத்து, வெளியீட்டை ஒரு கோப்பில் சேருங்கள். அந்தக் கோப்பை எல்நேவில் திறங்கள்.

இதே வேலைக்குப் பலர் எடுக்கும் நெட்கேட் கருவி வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. பல லினக்ஸ் கணினிகளில் வரும் ஓப்பன்பிஎஸ்டி வகை நெட்கேட், யூடிபியில் முதல் பொட்டலம் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அந்த முகவரியோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும். இரண்டாவது ரூட்டர் எவ்வளவு அனுப்பினாலும் உங்களுக்குத் தெரியாது. "ஒரு கருவி மட்டும்தான் வேலை செய்கிறது" என்று மணிக்கணக்கில் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நெட்கேட்டை இயக்கும்போது கே (-k) என்ற தேர்வையும் சேர்த்தால் எல்லோரிடமிருந்தும் வாங்கும்.

இரண்டாவது இடறல்: யூடிபி சிஸ்லாக் செய்தியின் முடிவில் வரிமுறிவு இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒரு பொட்டலம், ஒரு செய்தி. அதுதான் எல்லை. சோகேட் அப்படியே கோப்பில் கொட்டும்போது ரூட்டரின் பத்துச் செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட வரியாக வரும். தனியாக ஒரு நிரல் வேண்டும் என்பதற்கு இதுவே முதல் நியாயம். பொட்டலத்தின் எல்லையைப் பெறும் நிரல் மட்டுமே அறியும். கோப்பில் இறக்கிய பின் அந்த அறிவு போய்விடும்.

2024 பிப்ரவரி 6

"டிஸ்க் எதற்கு, நினைவகத்திலேயே வைத்தால் என்ன, கடைசிப் பத்தாயிரம் வரிகள் போதுமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். விண்டோஸில் இயங்கும் பல வியூவர்கள் அப்படித்தான் செய்கின்றன. மேசையில் ஒரு நிரலை எழுதிக்கொண்டே அதன் லாக்கைப் பார்ப்பதற்கு அது போதும். உங்கள் தேவை அதுவென்றால் என் யோசனையை விட்டுவிடலாம்.

நான் பார்க்கும் வேலையில் தேவை வேறு. இங்கே சோதனைக்கு வைத்திருக்கும் பலகைகள் வாரக்கணக்கில் ஓடுகின்றன. பிழை நள்ளிரவில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. காலையில் வந்து பார்க்கும்போது கடைசிப் பத்தாயிரம் வரிகளில் அது இருக்காது, ஏனென்றால் பிழைக்குப் பிறகு கருவி ஓயாமல் புலம்பித் தள்ளியிருக்கும். நாம் தேடுவது அந்தப் புலம்பலுக்கு முந்தைய ஐந்து வரிகள்.

இன்னொன்று. வியூவர் மனிதர்கள் திறந்து மூடும் பொருள். மதிய உணவுக்குப் போகும்போது மடிக்கணினியை மூடுவோம், புதிய பதிப்பை நிறுவுவோம், தவறான விசையை அழுத்தி வெளியேறுவோம். செய்தி பெறுவது அந்தப் பழக்கங்களைச் சார்ந்திருக்கக் கூடாது. பெறும் நிரல் ஒரு மூலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத் திரையே தேவையில்லை.

எஸ்டி அட்டை தேய்ந்துவிடும் என்ற கவலை உள்ளவர்கள் நினைவகக் கோப்பு முறைமையான டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இறக்கலாம். வியூவருக்கு அதுவும் ஒரு கோப்புதான். கணினி அணைந்தால் லாக் போகும் என்பதை மட்டும் தெரிந்தே செய்யுங்கள்.

2024 பிப்ரவரி 7

சிஸ்லாக் செய்தியின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பெறும் நிரல் எழுதுபவர்கள் முதலில் மோதும் சுவர் இதுதான்.

சிஸ்லாக்கை எரிக் ஆல்மன் 1980களில் பெர்க்லியில் சென்ட்மெயில் மென்பொருளுக்காக உருவாக்கினார். பல ஆண்டுகள் அதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில் 2001 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 3164கூட, "இப்படித்தான் ஊரில் நடக்கிறது" என்று கண்டதைப் பதிவு செய்த ஆவணமே, கட்டளை அல்ல. 2009 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 5424தான் முறையான தரம். ஆனால் சந்தையில் உள்ள மலிவான கருவிகள் பல இன்றும் பழையதையே பேசுகின்றன, அதையும் அரைகுறையாக.

செய்தியின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குறிக்குள் ஓர் எண் வரும். அதை எட்டால் வகுத்தால் ஈவு எந்தத் துறையின் செய்தி என்பதையும், மீதி எவ்வளவு தீவிரம் என்பதையும் சொல்லும். 34 என்றால் ஈவு 4, மீதி 2: உள்நுழைவுச் சரிபார்ப்புத் துறையிலிருந்து நெருக்கடிச் செய்தி. 165 என்றால் ஈவு 20, மீதி 5. துறைகள் 0 முதல் 23 வரை, தீவிரம் 0 முதல் 7 வரை, ஆகவே 191க்கு மேல் எண் வரக் கூடாது. வந்தால் அது சிஸ்லாக் அல்ல, அல்லது கருவி குழம்பியிருக்கிறது. இதுவரை எளிது.

அடுத்து வரும் நேரம்தான் துன்பம். 3164 வடிவத்தில் மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி உண்டு. ஆண்டு கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. ஒரு கருவி இந்திய நேரத்தில் எழுதும், பக்கத்தில் இருப்பது கிரீன்விச் நேரத்தில் எழுதும், இரண்டும் தங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடிகாரத்துக்கு பேட்டரி இல்லாத பலகைகள் விழித்தவுடன் 1970 ஜனவரி 1 என்று தொடங்கி, வலையமைப்பிலிருந்து நேரம் கிடைத்த பிறகே இன்றைய தேதிக்குத் தாவும்.

எல்நேவ் வரிகளை நேரப்படி அடுக்கும் என்று முன்பு சொன்னேன். பெறும் நிரல் கருவி சொன்ன நேரத்தை நம்பி எழுதினால், இப்போதுதான் வந்த செய்தி பட்டியலின் எங்கோ மேலே, ஜனவரியில் போய் உட்காரக்கூடும். நீங்கள் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கருவி துவங்கும்போது என்ன சொன்னது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் நான்கைக் கோப்பில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: நம் கணினிக்கு வந்து சேர்ந்த நேரம், அனுப்பியவரின் ஐபி முகவரி, கருவி தன் நேரமாகச் சொன்னது, செய்தியின் மூல வடிவம் அப்படியே. அடுக்குவதற்கு வந்து சேர்ந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். மூல வடிவம் இருக்கும்வரை நாளைக்கு நல்ல பாகுபடுத்தி (செய்தியைப் பகுதிகளாகப் பிரிக்கும் நிரல்) எழுதி மறுபடி பிரித்துக்கொள்ளலாம். மூலத்தைத் தொலைத்துவிட்டுப் பிரித்ததை மட்டும் வைத்திருந்தால், திரும்பிப் போக வழி இல்லை.

2024 பிப்ரவரி 7, சற்றுப் பிறகு

514 போர்ட் 1024க்குக் கீழே இருப்பதால் லினக்ஸில் சாதாரணப் பயனர் அதைத் திறக்க முடியாது. அதற்காக நிரலை ரூட் (முழு நிர்வாகி) உரிமையில் ஓட்டாதீர்கள். 5140 போன்ற எண்ணை வைத்துக்கொண்டு கருவியின் அமைப்பில் அதைக் குறிப்பிடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி ரூட்டர்களில் போர்ட் எண்ணை மாற்ற இடம் உண்டு. சில கருவிகள் 514ஐ விட்டு நகரவே மாட்டா. அவற்றுக்கு, தாழ்ந்த போர்ட் திறக்கும் உரிமையை மட்டும் நிரலுக்குத் தனியாகக் கொடுக்கலாம்.

2024 பிப்ரவரி 11

யூடிபியில் செய்தி தொலையுமே என்று கேட்கிறீர்கள். தொலையும். ஆனால் ஒரே சுவிட்சில் இணைந்த கருவிகளுக்குள், கம்பியில் தொலைவதைவிட நம் கணினியின் வாசலில் தொலைவதே அதிகம் என்பது என் அனுபவம்.

லினக்ஸில் ஒரு யூடிபி சாக்கெட்டின் வரவு பஃபர் (படிக்கப்படும்வரை பொட்டலங்கள் காத்திருக்கும் இடம்) பெரும்பாலும் 2,12,992 பைட். நிறையத் தோன்றும். ஆனால் கெர்னல் செய்தியின் நீளத்தை மட்டும் எண்ணுவதில்லை, பொட்டலத்தை வைத்துக்கொள்ள ஆகும் தன் செலவையும் சேர்த்து எண்ணுகிறது. நூறு பைட் செய்தியும் அதைப்போல் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். சில நூறு பொட்டலங்கள் சேர்ந்தாலே பஃபர் நிரம்பிவிடும். மின்தடைக்குப் பிறகு எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழித்துப் பேசத் தொடங்கும்போது, பெறும் நிரல் ஒரு நொடி டிஸ்கிற்காகக் காத்திருந்தால் போதும். மிஞ்சுவதைக் கெர்னல் சத்தமில்லாமல் எறிந்துவிடும்.

பஃபரைப் பெரிதாக்குங்கள், படிக்கும் இழையையும் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை ஓட்டம்) எழுதும் இழையையும் பிரியுங்கள். அவை நல்ல யோசனைகள். ஆனால் நான் அவற்றைவிடப் பெரிதாக மதிப்பது வேறொன்று: தொலைந்ததைச் சொல்லுங்கள். /ப்ராக் அடைவின் நெட் பகுதியில் யூடிபி என்ற கோப்பின் (/proc/net/udp) கடைசிப் பத்தியில், ஒவ்வொரு சாக்கெட்டிலும் எத்தனை பொட்டலங்கள் விடுபட்டன என்ற எண்ணிக்கை இருக்கிறது. ஆர்எக்ஸ்க்யூ-ஓவிஎஃப்எல் (SO_RXQ_OVFL) என்ற சாக்கெட் அமைப்பை இயக்கினால், ஒவ்வொரு பொட்டலத்தோடும் அந்த எண்ணிக்கையைக் கெர்னலே கொடுக்கும். எண் கூடியிருந்தால் பெறும் நிரல் கோப்பில் தன் பெயரில் ஒரு வரி எழுத வேண்டும்: இந்த இடத்தில் இத்தனை செய்திகள் விடுபட்டன.

லாக்கில் ஒரு செய்தி இல்லை என்றால், அது நடக்கவில்லை என்று படிப்பவர் முடிவு கட்டுகிறார். அந்த முடிவின் பேரில் வேறொரு இடத்தைச் சந்தேகித்து நாள்களைச் செலவிடுகிறார். இடைவெளி இருப்பது தெரிந்தால் அந்த அலைச்சல் இல்லை. ஓட்டையே இல்லாத லாக்கை யாராலும் உறுதியளிக்க முடியாது, ஓட்டை எங்கே என்று காட்டும் லாக்கை நம்மால் தர முடியும்.

2024 பிப்ரவரி 13

"அப்படியானால் டிசிபி போட்டுவிட்டால் கவலை இல்லையே." மூன்று பேர் இதையே எழுதியிருக்கிறார்கள். டிசிபி என்பது தொலைந்ததை மறுபடி அனுப்பி, வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் இணைப்பு முறை.

ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கட்டுப்பாட்டு நிரல் ஒன்று தன் லாக்கை டிசிபியில் ஒரு மேசைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மேசைக் கணினியில் நெட்கேட், அதன் வெளியீடு நேராக டெர்மினலில். ஒருநாள் யாரோ கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டார். டெர்மினலில் அந்த விசைக்கு அர்த்தம், வெளியீட்டை நிறுத்து. திரை உறைந்தது, நெட்கேட் எழுத முடியாமல் நின்றது, நின்றதால் சாக்கெட்டைப் படிக்கவில்லை, படிக்காததால் டிசிபி சாளரம் (இன்னும் எவ்வளவு அனுப்பலாம் என்று பெறுபவர் சொல்லும் அளவு) பூஜ்யத்துக்குச் சுருங்கியது. கட்டுப்பாட்டு நிரலின் அனுப்பும் பஃபர் மெல்ல நிரம்பியது. லாக் எழுதும் அழைப்பு திரும்பி வரவே இல்லை. முக்கிய வேலையைச் செய்த அதே இழைதான் லாக்கையும் எழுதியது. இயந்திரம் நின்றது. காரணத்தைத் தேடிப் போனால் லாக்கில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் நின்றுபோனதே லாக்தான்.

டிசிபியின் நம்பகத்தன்மை இலவசம் அல்ல. பெறுபவர் மந்தமானால் அந்த மந்தம் அனுப்புபவரைப் போய்ச் சேரும். பார்ப்பதற்காக வைத்த கருவி, பார்க்கப்படுவதை நிறுத்திவிடக் கூடாது. உங்கள் வியூவருக்குள்ளேயே சாக்கெட்டை வைத்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும்: பெரிய தேடல் ஒன்றில் வியூவரின் முதன்மை இழை சில விநாடிகள் மூழ்கினால், அத்தனை நேரமும் சாக்கெட் படிக்கப்படாது. தனி நிரலாக இருந்தால் வியூவர் எவ்வளவு தடுமாறினாலும் வாசல் திறந்தே இருக்கும்.

டிசிபிக்கு இன்னொரு தலைவலி, செய்தியின் எல்லை. யூடிபியில் பொட்டலமே எல்லை என்றேன். டிசிபியில் பைட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே வெட்டுவது? ஊரில் இரண்டு வழக்கங்கள். ஒன்று, செய்தியின் நீளத்தை முன்னால் எழுதி ஓர் இடைவெளி விட்டுச் செய்தியைத் தொடர்வது. மற்றொன்று, வரிமுறிவு வந்தால் செய்தி முடிந்தது என்று கொள்வது. 2012 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6587 இரண்டையும் எழுதி வைத்திருக்கிறது. முதல் பைட்டைப் பார்த்தே எதுவென்று பிரிக்கலாம்: இலக்கம் என்றால் நீளம், கோண அடைப்புக்குறி என்றால் நேராகச் செய்தி. ஜாவா நிரலின் பிழைத்தடம் (பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் பட்டியல்) பல வரிகளாக வரும்போது இரண்டாவது வழக்கம் சிதறிப்போகும். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால் நீளம் எழுதும் முறையையே எடுங்கள்.

டிசிபி 514 ஏற்கெனவே ரிமோட் ஷெல் சேவைக்குப் பதிவான எண் என்பதையும் மறக்க வேண்டாம்.

2024 பிப்ரவரி 14

தமிழில் வரும் செய்திகள் பற்றி. செய்திக்குள் வாடிக்கையாளர் பெயர், ஊர்ப் பெயர் தமிழில் இருக்கும் நிரல்களை இங்கே பலர் பராமரிக்கிறோம், ஆகவே இது நமக்கு நேரடியான விஷயம்.

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். "கோ" என்ற எழுத்து இரண்டு குறியீடு, ஆறு பைட். டிசிபியிலிருந்து படிக்கும்போது ஒரு துண்டு எந்த இடத்தில் முடியும் என்று சொல்ல முடியாது, "கோ"வின் நான்காம் பைட்டிலும் முடியலாம். வந்த துண்டை உடனே எழுத்தாக மாற்றும் நிரல் அங்கே கேள்விக்குறி வைரங்களைக் கொட்டும். தீர்வு எளிது. எழுத்தாக மாற்றாமல் பைட்டாகவே சேர்த்து, வரிமுறிவுப் பைட்டைத் தேடி வெட்டி, முழு வரி கைக்கு வந்த பிறகு மாற்றுங்கள். வரிமுறிவின் பைட் வேறெந்த எழுத்தின் நடுவிலும் வராதபடிதான் யூடிஎஃப்-8 அமைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இது பாதுகாப்பான வழி.

வெட்டு அனுப்பும் பக்கத்திலேயே விழுந்துவிட்டால் நம்மால் முடியாது. 3164 ஒரு செய்திக்கு 1024 பைட் எல்லை வைக்கிறது, தமிழில் அது 341 குறியீடு. சிறு கருவிகளில் பரவலான பிஸிபாக்ஸ் தொகுப்பின் சிஸ்லாக் நிரல் இயல்பாக 256 பைட் பஃபரோடு கட்டமைக்கப்படுகிறது, அதாவது 85 குறியீடு. தலைப்பையும் கழித்தால் ஒரு நீண்ட வாக்கியம்கூடக் கொள்ளாது. கட்டமைக்கும்போது அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். கடைசியில் அறுந்த ஓரிரு பைட் இருந்தால் பெறும் நிரல் செய்தியையே நிராகரிக்கக் கூடாது. அறுந்ததை விட்டுவிட்டு மீதியைக் காட்ட வேண்டும்.

2024 பிப்ரவரி 18

பாதுகாப்பு பற்றி யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன், ஏனென்றால் லாக் பெறும் நிரல்களுக்கு இதில் கசப்பான வரலாறு உண்டு.

ஜாவா உலகில் லாக் நிகழ்வுகளை வரிசைப்படுத்திய ஆப்ஜெக்ட்டாக அப்படியே சாக்கெட்டில் அனுப்பும் வழக்கம் இருந்தது. பெறுபவர் அதை மீட்டுருவாக்கிப் பயன்படுத்துவார். எழுதுவதற்கு மிக வசதி. ஆனால் யார் வேண்டுமானாலும் அந்த போர்ட்டுக்கு வேறொரு ஆப்ஜெக்ட்டை அனுப்பலாம், மீட்டுருவாக்கும்போதே அவர்கள் விரும்பும் நிரல் நம் கணினியில் ஓடக்கூடும். ஜாவாவின் லாக் நூலகங்களில் இப்படிப் பதிவான குறைகள், சிவிஇ என்ற பாதுகாப்புக் குறை எண்ணோடு: லாக்ஃபோர்ஜே 2இன் சாக்கெட் சர்வரில் சிவிஇ-2017-5645, லாக்பேக்கில் சிவிஇ-2017-5929, பழைய லாக்ஃபோர்ஜே 1.2இல் சிவிஇ-2019-17571. அப்பாச்சியின் லாக் வியூவரான செயின்சாவிலும் இதே குறை, சிவிஇ-2020-9493, 2.1.0 பதிப்பில் சரிசெய்தார்கள். ஒரே வாசல் வழியாக நான்கு முறை. வியூவரைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. அது நிர்வாகியின் கணினியில், நிர்வாகியின் உரிமைகளோடு ஓடுகிறது.

ஆகவே: வருவதை எழுத்தாக மட்டும் படியுங்கள். போர்ட்டை இயல்பாக 127.0.0.1இல் (அதே கணினிக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் திறங்கள், வெளியே திறக்க வேண்டுமென்றால் பயனர் கேட்டுத் திறக்கட்டும். ஒரு செய்திக்கு நீள வரம்பு வையுங்கள், முக்கியமாக நீளத்தை முன்னால் எழுதும் முறையில். எதிரி "நூறு கோடி பைட் வருகிறது" என்று எழுதினால் அத்தனை நினைவகம் ஒதுக்கிவிடாதீர்கள். செய்திக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் குறியீடுகளை மாற்றி எழுதுங்கள். டெர்மினலின் நிறத்தையும் தலைப்பையும் மாற்றும் குறியீடுகளை ஒருவர் லாக் வழியாகவே அனுப்ப முடியும், செய்தியின் நடுவே வரிமுறிவை வைத்துப் போலியான இரண்டாவது செய்தியை நுழைக்கவும் முடியும். லினக்ஸில் சிஸ்லாக் செய்திகளை வாங்கி எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் இயல்பாகவே வரிமுறிவை #012 என்று எட்டடிமான எண்ணாக மாற்றிவிடுகிறது. நல்ல வழக்கம்.

யூடிபியில் அனுப்பியவர் முகவரியைப் போலியாக எழுதலாம். அந்த முகவரியைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2024 பிப்ரவரி 20

வியூவரில் எதையும் தொட வேண்டாம் என்ற தொனியில் முதல் குறிப்பை எழுதியிருந்தேன். இரண்டு வாரமாக யோசித்ததில் அதை இன்னும் துல்லியமாகச் சொல்லத் தோன்றுகிறது. வலையமைப்பைப் பற்றி வியூவருக்குத் தெரிய வேண்டாம், ஆனால் செய்திக்கு இரண்டு நேரங்களும் ஓர் அனுப்புநரும் உண்டு என்பது தெரிய வேண்டும்.

எல்நேவில் இதற்கு மூலநிரலையே திறக்க வேண்டியதில்லை என்பதுதான் மகிழ்ச்சி. வரிக்கு ஒரு ஜேசன் பொருள் (புலப் பெயரும் மதிப்பும் இணையாக வரும் எழுத்து வடிவம்) என்ற வடிவத்தை அது புரிந்துகொள்ளும். எந்தப் புலம் நேரம், எது தீவிரம், எது உடல் என்று ஒரு சிறிய வடிவக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். பெறும் நிரல், ஒவ்வொரு செய்திக்கும் எழுத வேண்டும் என்று முன்பு சொன்ன அந்த நான்கையும் ஜேசனாக எழுதட்டும். அதன் பிறகு அனுப்புநரின் முகவரி ஒரு பத்தியாகிவிடும், எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் கேட்கலாம்: எந்தக் கருவி அதிகம் பேசுகிறது, எதன் கடிகாரம் நம்முடையதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது. ஜேசனின் மேற்கோள் குறிகளுக்குள் வரிமுறிவுகூட \n என்று மாற்றி எழுதப்பட்டுப் பாதுகாப்பாக அடங்கிவிடும் என்பது கூடுதல் நன்மை, பிழைத்தடங்கள் சிதறுவதில்லை.

கேலாக் வெறும் பாடத்தையே பார்க்கும். அதைப் பயன்படுத்துபவர்கள் ஜேசனை விட்டு, நேரம், முகவரி, செய்தி என்று நெடுக எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் படிக்க அதுதான் சுகம்.

2024 பிப்ரவரி 22

கிரேலாக் மென்பொருளின் லாக் வடிவமான ஜெல்ஃப்பையும் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: டிசிபியில் அது மிக எளிது, ஒரு ஜேசன், பிறகு ஒரு பூஜ்ய பைட். யூடிபியில் நீண்ட செய்திகளை அது துண்டுகளாக்கும், அதிகம் போனால் 128 துண்டுகள். எல்லாம் ஐந்து விநாடிக்குள் வந்து சேராவிட்டால் அத்தனையையும் எறிய வேண்டும். அப்படி எறிந்தால் அதையும் கோப்பில் ஒரு வரியாக எழுதுங்கள்.

2024 பிப்ரவரி 29

இன்றைய தேதிக்கே உரிய பாடம். வாசகர் ஒருவர் தன் பைத்தான் பெறும் நிரலை அனுப்பியிருந்தார். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது, இன்று நள்ளிரவிலிருந்து ஒரு செய்திகூட எழுதவில்லை என்றார்.

3164 நேரத்தில் ஆண்டு இல்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? நேரச் சரத்தைப் பிரிக்கும் பைத்தானின் ஸ்டிரப்டைம் (strptime), ஆண்டு கொடுக்கப்படாவிட்டால் 1900 என்று எடுத்துக்கொள்ளும். 1900 நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது, ஆகவே லீப் ஆண்டு அல்ல. "பிப்ரவரி 29" என்று வந்தவுடன் அப்படி ஒரு நாளே இல்லை என்று பிழை வீசுகிறது. பிறகு ஆண்டை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிய அடுத்த வரிக்கு நிரல் போவதே இல்லை. பிரிப்பதற்கு முன்பே ஆண்டைச் சரத்தின் முன்னால் ஒட்டிவிட வேண்டும். ஒட்டும்போது ஆண்டின் எல்லையையும் கவனியுங்கள்: ஜனவரி 1 விடியலில் வந்து சேரும் டிசம்பர் 31 செய்திக்குப் புதிய ஆண்டை ஒட்டினால் அது ஏறக்குறைய ஓர் ஆண்டு எதிர்காலத்தில் நிற்கும். வந்து சேர்ந்த நேரத்தைவிட ஒரு நாளுக்கு மேல் முன்னே போனால் ஓர் ஆண்டைக் கழியுங்கள்.

அவருடைய நிரல் மூல வடிவத்தைத் தனிக் கோப்பில் முதலில் இறக்கியிருந்தது. காலை முழுவதும் வந்த செய்திகளை மதியம் மறுபடி பிரித்து எடுத்துவிட்டார். ஒன்றும் தொலையவில்லை.

2024 மார்ச் 2

"ஆர்சிஸ்லாக் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்?" நல்ல கேள்வி, இதை முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு எழுத வேண்டியதில்லை. ஆர்சிஸ்லாக் யூடிபி, டிசிபி இரண்டிலும் வாங்கும். வந்து சேர்ந்த நேரம், கருவி சொன்ன நேரம், அனுப்புநரின் ஐபி, மூலச் செய்தி ஆகிய நான்கும் அதன் வார்ப்புருவில் தனித்தனிப் புலங்களாகக் கிடைக்கின்றன, ஜேசனாகவே எழுத வைக்கலாம். யூடிபி பஃபரின் அளவையும் கூட்டலாம். கட்டடத்துக்கு வெளியிலிருந்து செய்தி வருவதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆர்சிஸ்லாக்கையோ சிஸ்லாக்-என்ஜியையோ வைத்து 6514 போர்ட்டில் டிஎல்எஸ் மறையாக்கத்தோடு வாங்குங்கள். சான்றிதழ் சரிபார்ப்பை நாமே எழுதும் வேலையில் இறங்க வேண்டாம்.

கேள்வி கேட்ட நண்பரே, ரூட்டர்களுக்கு இதுவே உங்களுக்கான விடை: ஆர்சிஸ்லாக் வார்ப்புரு ஒன்று, எல்நேவ் வடிவக் கோப்பு ஒன்று. சொந்த நிரல் எழுத வேண்டியது சிஸ்லாக் பேசாத கருவிகளுக்கு மட்டும். உதாரணமாக, ஈஎஸ்பி32 பலகைகளில் லாக் இயல்பாகச் சீரியல் போர்ட்டுக்குப் போகும். அதைத் திருப்பிவிட ஒரு செயற்கூறு இருக்கிறது, அங்கிருந்து வருவது வெறும் வரிகள், முன்னால் எண் கிடையாது.

2024 மார்ச் 5

கடைசியாகக் கேட்கப்பட்டது: லினக்ஸ் பலகை கெர்னல் பீதியில் (கெர்னலே மீள முடியாமல் நின்றுபோவது) சாகும்போது அதன் கடைசி வார்த்தைகளைப் பிடிக்க முடியுமா?

முடியும், வலையமைப்பு வழியாக என்றால் அங்கே யூடிபிதான் வழி. நெட்கன்சோல் என்ற கெர்னல் கூறு கெர்னல் செய்திகளைத் தானே யூடிபி பொட்டலமாக்கி அனுப்புகிறது. இயல்பான இலக்கு போர்ட் 6666. பயனர் நிரல்கள் எல்லாம் செத்த பிறகும் அது பேசும். சிஸ்லாக் எண் இருக்காது, நீண்ட செய்தி துண்டாகி வரலாம், ஒரு வரி பாதியில் நின்று அடுத்த பொட்டலத்தில் தொடரலாம். ஆகவே 6666க்கு மட்டும் தனியாக ஒரு பெறும் நிரல் வைத்து, அனுப்புநர் வாரியாகச் சேர்த்து, வரிமுறிவு வந்ததும் எழுதுங்கள். அரை விநாடி காத்தும் வரவில்லையென்றால் கைவசம் உள்ளதை எழுதிவிடுங்கள், அந்த அரை வரிதான் பெரும்பாலும் நாம் தேடுவது.

அமைக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கெர்னலின் கன்சோல் லாக் மட்டத்தைக் (எவ்வளவு தீவிரம் வரை கன்சோலுக்கு அனுப்புவது என்ற அமைப்பு) கூட்டாவிட்டால் தீவிரம் குறைந்த செய்திகள் வெளியே வரா. பெறும் கணினி வேறு சப்நெட்டில் (ரூட்டருக்கு அப்பால் உள்ள வலையமைப்புப் பகுதி) இருந்தால் இலக்கு மேக் முகவரியாக (வலையமைப்பு அட்டையின் முகவரி) ரூட்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும், நெட்கன்சோல் வழியைத் தானாகத் தேடாது.